பெரிய கண்மாய் ஆகாயத்தாமரை அகற்றும் பணி: நன்கொடை வேண்டுகோள்

நம் ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிழைப்புக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சொந்தங்களுக்கும் கண்மாய்க் குழுவின் வணக்கம்.

மேல்மடையிலிருந்து, உபரிநீர் வழியும் கலிங்கு வரை பெரிய கண்மாயை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. மார்கழியில் மடை திறந்தபோது செடி வந்து அடைத்துக்கொண்டது. நான்கு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அரிவாளால் அறுத்து எடுத்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் போனது.

"களைக்கொல்லி அடித்தால் பாதிச் செலவில் முடியுமே" என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். செலவு குறைவு என்பது உண்மைதான். 2,4-டி, கிளைபோசேட் என்ற களைக்கொல்லிகளுக்கு இந்தச் செடி கருகும். கருகிய செடி எங்கே போகும்? மூன்று வருடங்களுக்கு முன் நம்மில் ஒருவர் யாரையும் கேட்காமல் தெற்கு மூலையில் அடித்துப் பார்த்தார். செடி பழுப்பாகித் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. அது அழுகும்போது தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனது. ஒருநாள் விடியற்காலையில் கெண்டைகள் வாயைப் பிளந்தபடி மேலே வந்து நின்றன; உச்சிவேளைக்குள் வயிறு மேலாக மிதந்தன. பக்கத்துக் கொல்லையில் பருத்தி இலையெல்லாம் சுருண்டது. 2,4-டி காற்றில் வந்து பட்டாலே பருத்திக்கு ஆகாது.

அழுகிய செடியின் சத்தில் அடுத்து பச்சைப் பாசி படர்ந்தது. உடனே மயில்துத்தம் கரைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நல்லவேளை, நடக்கவில்லை. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. அது மக்காது, வண்டலில் போய்த் தங்கும். கோடையில் அந்த வண்டலைத்தானே வயலுக்கு அள்ளிக்கொண்டு போகிறோம்?

ஆகவே செடியை வெளியே எடுத்துப் போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். பங்குனியில் தண்ணீர் வற்றியதும், நீர்வளத்துறை அனுமதியுடன், நீண்ட கை பொக்லைன் இறங்கும். மடை ஓரங்களில் கையால் எடுக்க வேண்டும். செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், கரையில் காயவிட்டுப் பிறகு சாணத்தோடு அடுக்கி உரமாக்குவோம்.

ஒருமுறை எடுத்தால் தீராது. விதை சேற்றுக்குள் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். விட்டுப்போன செடி இரண்டே வாரத்தில் இரட்டிக்கும். அதனால் மூன்று வருடங்களுக்கு மாதந்தோறும் பொறுக்கி எடுக்க ஆள்கூலியும் கணக்கில் இருக்கிறது. மேலத்தெருச் சாக்கடை நேராகக் கண்மாயில் விழுவதுதான் செடிக்குத் தீனி. அதைத் திருப்பி, அந்தச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் கல்வாழை நட்ட குழிகள் வழியாக விட வேண்டும். இந்தப் பேச்சு சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்வது ஓட்டைப் பானையில் நீர் மொள்வதுதான்.

இந்தக் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கருக்கு 500 ரூபாய் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அன்று மருந்து அடித்தவரே முதல் ரசீது வாங்கியிருக்கிறார். இன்னும் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் தேவை. 700 ரூபாய் என்பது ஓர் ஆளின் ஒருநாள் கூலி. உங்களால் எத்தனை ஆள்கூலி முடியுமோ கொடுங்கள். பணம் இல்லாதவர்கள் டிராக்டரோ, அரிவாளோ, இரண்டு நாள் உழைப்போ தரலாம்.

மாசிக் கடைசிக்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு வாரந்தோறும் கோயில் மண்டபச் சுவரில் ஒட்டப்படும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு அதன் படம் வாட்ஸ்அப்பில் வரும்.

இப்படிக்கு,
கண்மாய்க் குழுவினர்