மதகுக் கல்லில் ஒட்டியிருப்பதெல்லாம் பாசியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், புதுச்சேரி வட்டார ஏரிகளில் நடக்கும் கோடைகால மராமத்து பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், மதகுச் சுவரையும் கலிங்கையும் பாசி போகச் சுரண்டிச் சிமெண்டு பூசுவது பாராட்டப்பட்டிருந்தது. ஒழுகும் மதகைப் பூசத்தான் வேண்டும். ஆனால் சுரண்டப்படுவது பாசிதானா என்று யாரும் பார்ப்பதில்லை. ஏரி, ஆறுகளில் வாழும் நன்னீர்ப் பஞ்சுயிரி (ஸ்பாஞ்ச்) என்ற விலங்கு ஒட்டி வளர்வதும் அதே கல்லில்தான்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. பாசி வழுக்கும், பஞ்சுயிரி விரலுக்குச் சொரசொரக்கும், உடம்பெல்லாம் சிலிக்கா முட்கள். வெயில் படும் இடத்தில் உள்ளே வாழும் நுண்பாசியால் பச்சையாகவும், நிழலில் சாம்பல் அல்லது பழுப்பாகவும் இருக்கும். மேற்பரப்பில் தண்ணீர் வெளியேறும் துளைகள் கண்ணுக்கே தெரியும். தண்ணீரை உறிஞ்சும் துளைகளோ மிக நுண்ணியவை. வண்டல் படிந்தால் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கல்லின் மேல்முகத்தை விட அடிப்பக்கம், மதகின் உட்சுவர், நீரில் மூழ்கிய வேர், கிளை இங்கெல்லாம் தேட வேண்டியிருக்கிறது. உப்பு வாடை வந்தால் இராது என்றும் தள்ளிவிட வேண்டாம். ஸ்பாஞ்சில்லா ஆல்பா என்ற பஞ்சுயிரி இனம் உவர்நீரிலும் வாழும்.

நம் ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, பங்குனிக்குப் பிறகு வற்றுகின்றன. நீர் இறங்கியதும் உடல் காய்ந்து பொறுக்காகிவிடும். அதற்குள் கசகசாவை விடச் சிறிய உருண்டைகள் இருக்கும். அவை ஜெம்யூல்கள், வறட்சியைத் தாங்கி, அடுத்த மழையில் புது உயிரியாக முளைப்பவை. மராமத்தும் சரியாக அந்த மாதங்களில்தான்! சுரண்டிக் கொட்டுவது செத்த பாசியை அல்ல, அடுத்த ஆண்டின் விதையை.

எல்லா இனத்துக்கும் இழப்பு ஒன்றல்ல. பல இனங்களின் ஜெம்யூல் உறையில் காற்றறைகள் உண்டு. மிதந்து போய் வேறிடத்தில் பிழைக்கும். கார்வோஸ்பாஞ்சில்லா பேரினத்தில் ஜெம்யூல்கள் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; கல்லைச் சுரண்டினால் அங்கே எதுவும் மிஞ்சாது. இப்பேரினத்தின் அல்டிமா இனத்தை விலங்கியலாளர் அன்னண்டேல் 1910இல் கன்னியாகுமரியிலிருந்து விவரித்தார். இருக்குமிடம் கெட்டால் மீள முடியாத இனத்துக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டுமானால், குரோவேஷியாவின் ஓகுலின் பகுதியில், நிலத்தடி நீரோடும் சில குகைகளில் மட்டுமே வாழும் யூனாபியஸ் சப்டெரேனியஸ் என்ற பஞ்சுயிரி. 1984இல் விவரிக்கப்பட்ட அது, இன்று அழிவின் விளிம்பில். அந்தக் குகைகளின் நீர் கெட்டால் அந்த இனத்துக்குப் போக்கிடமில்லை.

இந்தியாவின் பஞ்சுயிரிப் பரவல் வரைபடமும் பாதி, தேடியவர்களின் வரைபடம். பஞ்சுயிரிகளை முன்பு ஆராய்ந்தவர்களில் கார்ட்டர் பம்பாயில் இருந்தார், அன்னண்டேல் கல்கத்தாவில். புள்ளிகளும் அங்கேயே குவிந்தன.

மாதிரி எடுப்பவர்கள் கவனிக்க: இனத்தை உறுதிசெய்ய ஜெம்யூல் உறையின் முட்கள் தேவை. தை மாதத்தில் பசுமையாக இருப்பதைப் பெயர்த்துவந்தால் ஜெம்யூல் இல்லாமல் பெயர் வைக்க முடியாது, உயிரியும் வீண். காய்ந்த பொறுக்கில் கட்டைவிரல் நகமளவு போதும். கல்லை ஒட்டிய அடிப்பகுதியோடு கத்தியால் பெயர்த்து, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை பூஞ்சணம் பிடிக்கும். ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலத்தில் சதையைக் கரைத்தபின், முட்கள் முழுதும் படியும்வரை பொறுத்துக் கழுவ வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் முதலில் போவது சிறிய முட்கள், அதாவது நமக்கு வேண்டியவை. சோதனைக் குழாயை மறுபடி பயன்படுத்தினால் முந்தைய மாதிரியின் முட்கள் கலந்து, இல்லாத இனம் பட்டியலில் ஏறிவிடும்.

சுரண்டும் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை: காய்ந்த பொறுக்கைத் தட்டினால் பறப்பது கண்ணாடித் தூள் மாதிரிதான். கண்ணில் பட்டால் உறுத்தும், தோலில் அரிக்கும். நனைத்துவிட்டுச் சுரண்டுவது நல்லது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஊசுடு, பாகூர், வீராணம், பெருமாள் ஏரி எதுவானாலும், ஒரு மதகை இந்த ஆண்டு பூசினால் அடுத்ததை மறு ஆண்டுக்கு விடலாம். பெயர்த்த பழைய கற்களை லாரியில் ஏற்றாமல், முழு நீர்மட்டத்துக்குக் கீழே கரையோரம் போட்டுவைக்கலாம். இதற்கு ஒப்பந்தப் பணிக் குறிப்பில் இரண்டு வரி சேர்த்தால் போதும். செலவு கூடாது, லாரி வாடகைகூடக் கொஞ்சம் மிச்சம்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.