சந்தேகக் கோட்டையின் சாவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தியான் என்பவன் மோட்சத்தை நோக்கிப் பயணம் போகும் உருவகக் கதையான ஜான் பனியனின் 'மோட்ச பிரயாணம்' (1678) நான் சிறு வயதில் திரும்பத் திரும்பப் படித்த புத்தகம். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடியதும் இந்தக் கதையைத் தழுவித்தான்.

சிலுவையருகே கிறிஸ்தியானின் முதுகுச் சுமை கழன்று, உருண்டுபோய்க் கல்லறைக்குள் மறையும் இடம் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அதைவிடப் பெரிது சந்தேகக் கோட்டை. சிலுவையைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகுதான் அவனும் தோழனும் அங்கே சிறைப்படுகிறார்கள். கோட்டைக்குச் சொந்தக்காரனான இராட்சதன் அவர்களை அடித்து நொறுக்குகிறான், செத்துப்போங்கள் என்கிறான். சனிக்கிழமை நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி, விடியப்போகும் நேரத்தில்தான் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் (கடவுளின் வாக்குறுதி) என்ற சாவி தன்னிடமே இருக்கிறதே! அப்புறமும் கடைசி இரும்புக் கதவின் பூட்டு லேசில் திறப்பதில்லை.

விசுவாசிக்குச் சந்தேகமே வராது என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்தால், பின்னாளில் அது வரும்போது யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்கு வந்தபோது நான் மிரளவில்லை என்றால், அதற்கு இந்தப் புத்தகமே காரணம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இந்தப் பகுதியையாவது சுருக்காமல் வாசித்துக் காட்ட வேண்டும்.