குழாய் யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வாடகை வீட்டு முன்பணத் தகராறுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குடியிருந்த காலத்தில் யார் சரிசெய்வது என்று முடிவு செய்யாமல் தள்ளிப்போட்ட பழுதுகள்தாம், காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் தொகையின் மீது மொத்தமாக வந்து விழுகின்றன என்பது என் அனுபவம். சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருப்பவன், கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன் என்ற இரு நிலைகளிலும் இருந்து இதை எழுதுகிறேன்.

முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டின் ஒப்பந்தத்தில், 'குழாய் பழுது குடியிருப்பவர் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. ஒரே ஆண்டில் சமையலறைக் குழாய்க்கு மூன்று முறை வாஷர் மாற்றினேன். மூன்றாவது முறை வந்த பிளம்பர், குழாயைக் கழற்றித் தண்ணீரைச் சற்று ஓடவிட்டு, உள்ளங்கையில் தேங்கிய துருச் செதில்களைக் காட்டினார். சுவருக்குள் இருந்த பழைய இரும்புக் குழாய் உதிர்ந்து வந்து வாஷரை அறுத்துக்கொண்டிருந்தது. உரிமையாளரிடம் சொன்னபோது, "குழாய் உங்க பொறுப்புன்னு எழுதியிருக்கே சார்" என்றார். திருகித் திறப்பதும் குழாய், சுவருக்குள் ஓடுவதும் குழாய் என்னும் நம் மொழியின் தாராளம், அன்று என் செலவில் முடிந்தது.

சட்டத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தமிழ்நாட்டின் நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்புப் பணிகளை இரண்டாகப் பிரித்து ஓர் அட்டவணையே தந்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களையும் மின் ஒயரிங்கையும் தேவைப்படும்போது மாற்றுதல் ஆகியவை உரிமையாளருடையவை. திருகித் திறக்கும் டேப், வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், கீசர், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையவை. உரிமையாளர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும், குடியிருப்பவர் மறுத்தால் உரிமையாளர் முன்பணத்தில் கழித்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. ஆயினும் ஸ்டாம்ப் பேப்பரில் அடித்துத் தரப்படும் ஒப்பந்தங்களில் இந்த அட்டவணையை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் சென்னையில் எழுதாச் சட்டமாகவே ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் அப்படி ஒப்புக்கொண்டிருந்தால் வேறு. எதுவுமே எழுதாமல், ஐந்து ஆண்டு வெயிலில் தானாக மங்கிய சுவருக்கும் பணம் பிடிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? குழந்தை கிறுக்கிய சுவருக்குக் கேட்டால் கொடுப்பதுதான் முறை.

சுத்தம் செய்யும் வேலைகளில்தான் மனக்கசப்பு அதிகம். மாடிப்படியைப் பெருக்குவது, சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவுவது, செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்குச் சொல்வது ஆகியவை பல குடித்தனங்களுக்குப் பொதுவானவை. பொது வசதிகளின் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குறிப்பிடாததால், ஊரில் இருப்பவர் யாரோ அவர் செய்வார் என்று ஆகிறது. எங்கள் வீட்டில் பெரும்பாலும் அது என் மனைவியின் தலையில் விழும். செப்டிக் டேங்க்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. பாதுகாப்பின்றி மனிதரை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அப்படியிருக்க, குறைந்த கூலிக்கு யாரையாவது தேடும் நெருக்கடியைக் குடியிருப்பவர்களிடம் தள்ளிவிடுவது சரியாகாது.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதியப்பட வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருப்பதால், மேற்கண்ட அட்டவணையின் தமிழ் வடிவத்தை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பிற்சேர்க்கையாகக் கட்டாயமாக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திராமல், கும்பகோணம் வீட்டின் ஒப்பந்தத்தை இவ்வாண்டு நானே மாற்றி எழுதினேன்: சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் இருப்பவை என் பொறுப்பு, கைக்கு எட்டும் சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருடையவை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும் கூலி என்னுடையது. சாவி கொடுத்த அன்று நானும் புதிதாகக் குடிவந்தவரும் அறை அறையாக நடந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். அப்போதுதான், கொல்லைப்புறக் கதவின் அடிச்சட்டம் உளுத்துப்போயிருப்பதை வந்தவர் காலால் லேசாகத் தட்டிக் காட்டினார். பல ஆண்டுகளாக அந்தக் கதவைத் திறந்து பார்க்காத எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தச்சருக்குக் கொடுத்த 3,200 ரூபாய் என் கணக்கில் சேர்ந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை.