கெல்டிக் ஒரு வரி, ஐரிஷ் ஒரு வரி: அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையினருக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வில் ஒருவருடைய வம்சாவளி எது என்று ஒரு கேள்வி வருகிறது. பதில்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிடுகிறீர்கள். அதில் ஐரிஷ் ஒரு வரி, ஸ்காட்டிஷ் ஒரு வரி, ஸ்காட்ச்-ஐரிஷ் ஒரு வரி, வெல்ஷ் ஒரு வரி. இவை போக, கெல்டிக் என்று தனியாக இன்னொரு வரி. இந்த வரிகளை வைத்துக்கொண்டு யாருக்கு வருமானம் அதிகம், யார் அதிகம் படித்தவர்கள், யார் பின்தங்கியவர்கள் என்று தரவரிசை போடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்தத் தரவரிசை பெரும்பாலும் பொய்யான முடிவுக்கே கொண்டுபோய் விடுகிறது. அதைத் தடுக்க உங்கள் கையில் சில வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வம்சாவளி வாரியான வருமானப் பட்டியல்களில் இந்தியர்கள் மேலே இருக்கிறார்கள். அதனால் அந்தப் பட்டியல்கள் தமிழ்க் குழுக்களிலும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கூடவே, “ஐரிஷ்காரர்கள் பஞ்சத்தில் அடிபட்டு வெறுங்கையோடு வந்தார்கள், இன்று எங்கே இருக்கிறார்கள் பாருங்கள், மற்றவர்களால் ஏன் முடியவில்லை?” என்ற கேள்வியும் வருகிறது. அந்தக் கேள்வி பெரும்பாலும் கறுப்பின மக்களை நோக்கியே வீசப்படுகிறது. என் மொழிக்காரர்கள் அதை எடுத்துச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆகவே இது உங்களுக்கான மடல்தான், ஆனால் அவர்களும் படிக்க வேண்டும்.

கெல்டிக் வரியை முதலில் பார்த்துவிடுவோம், அதில் சொல்ல அதிகம் இல்லை. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகிய ஆறு மொழிகளும் கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கெல்டிக் நாடு என்று ஒன்றிலிருந்து கப்பலேறி யாரும் நியூயார்க்கில் வந்து இறங்கவில்லை. அந்தக் கட்டத்தில் கெல்டிக் என்று எழுதுகிறவர் தன் மரபைத் தானே யோசித்துத் தேர்ந்தெடுத்தவர். அப்படித் தேர்ந்தெடுக்கிறவர்கள் மொத்த மக்கள்தொகையில் மிகச் சிறு துளி. மாதிரி ஆய்வில் அவ்வளவு சிறிய குழுவுக்கு வரும் வருமான எண் ஆண்டுக்கு ஆண்டு தள்ளாடும். கோடிக்கணக்கானோர் அடங்கிய ஐரிஷ் வரியோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒரு மக்கள் கூட்டத்தை ஒரு விருப்பத் தேர்வோடு ஒப்பிடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

சரி, ஐரிஷ் வரியாவது திடமானதா? 2020 கணக்கெடுப்பில் தனியாகவோ வேறொன்றோடு சேர்த்தோ ஐரிஷ் என்று சொன்னவர்கள் 3.86 கோடிப் பேர். அயர்லாந்துத் தீவு முழுவதிலும் இன்று வாழ்கிறவர்கள் சுமார் 70 லட்சம். அயர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் பிறப்பு விகிதத்தையும் மட்டும் வைத்து இவ்வளவு பெரிய தொகையை விளக்க முடியாது என்று மைக்கேல் ஹவுட், ஜோஷுவா கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இலேயே காட்டினார்கள். கலப்புத் திருமணங்கள் பெருகின. நான்கு தாத்தா பாட்டிகள் நான்கு நாட்டிலிருந்து வந்திருந்தால், பேரப்பிள்ளைகள் அதில் ஐரிஷ் மரபையே அதிகம் விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

அதைவிட முக்கியம், இந்த ஒரே வரிக்குள் இரண்டு பெரிய குடிப்பெயர்வுகள் கலந்து கிடப்பது.

முதலாவது 18ஆம் நூற்றாண்டினுடையது. ஸ்காட்லாந்திலிருந்து வடக்கு அயர்லாந்தின் அல்ஸ்டருக்குப் போய்க் குடியேறிய பிரெஸ்பிட்டீரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த விவசாயிகளும் நெசவாளர்களும், குத்தகை முடியும்போதெல்லாம் வாடகை ஏறியதாலும், விளைச்சல் பொய்த்ததாலும், லினன் வியாபாரம் படுத்ததாலும், 1704 சட்டம் அவர்களை அரசுப் பதவிகளிலிருந்து ஒதுக்கியதாலும் மறுபடி கிளம்பினார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துவிட்டார்கள். பிலடெல்பியா பக்கம் இறங்கி, கடலோர நிலங்கள் ஏற்கெனவே பிறர் கையில் இருந்ததால் மேற்கே போய், ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாக வர்ஜீனியா, கரோலினா, பிறகு டென்னசி, கென்டக்கி மலைகளுக்குப் பரவினார்கள். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பெற்றோர் இப்படி வந்தவர்கள். இவர்களுடைய வாரிசுகளைத்தான் ஸ்காட்ச்-ஐரிஷ் என்கிறார்கள், ஆனால் அவர்களில் பலர் தங்களை ஐரிஷ் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்தது. 1845இல் உருளைக்கிழங்கு அழுகல் நோயோடு தொடங்கிய பெரும் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், 10 லட்சத்துக்கும் மேல் நாட்டை விட்டுப் போனார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். நிலம் வாங்கப் பணமில்லாததால் இறங்கிய துறைமுகத்திலேயே தங்கினார்கள். பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் ஆண்கள் மூட்டை தூக்கினார்கள், ரயில் பாதை போட்டார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். 1850களில் இவர்களை எதிர்ப்பதற்கென்றே ஓர் அரசியல் கட்சி எழுந்தது.

யார் முந்தினார்கள்? பஞ்சத்தில் வந்தவர்களின் வாரிசுகள்தான். பாதிரியாரும் சமூகவியலாளருமான ஆண்ட்ரூ கிரீலி 1970களில் தேசிய ஆய்வுத் தரவுகளை அலசி, ஐரிஷ் கத்தோலிக்கர்கள் வருமானத்திலும் படிப்பிலும் நாட்டின் முன்வரிசையில் இருப்பதையும், ஐரிஷ் என்றே தங்களைச் சொல்லிக்கொண்ட புராட்டஸ்டன்டுகள் அவர்களுக்குப் பின்னால் இருப்பதையும் காட்டினார். பல பத்தாண்டுகள் முன்னதாகவே வந்து, நிலம் பிடித்து, பெரும்பான்மை மதத்தைச் சேர்ந்தவர்களாகவும் இருந்தவர்கள் ஏன் பின்தங்கினார்கள்? உழைப்பு குறைவு என்று சொல்ல முடியுமா?

கிழக்கு கென்டக்கியில் நடந்ததைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிகளின் முகவர்கள் மலைக்கிராமங்களுக்கு வந்து, நிலத்துக்கு அடியில் உள்ள கனிமங்களின் உரிமையை மட்டும் ஏக்கருக்குச் சொற்பக் காசு கொடுத்து எழுதி வாங்கினார்கள். மேலே உழுதுகொண்டிருந்தவர் நிலம் தன்னுடையது என்றே நம்பிக்கொண்டிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து, அதே பத்திரத்தைக் காட்டித் திறந்தவெளிச் சுரங்கம் வெட்ட இயந்திரங்கள் வந்து நின்றன. தாத்தா போட்ட கையெழுத்துக்காகப் பேரனின் சோளக் கொல்லையும் ஓடையும் போயின. நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் இப்படி வெட்டக்கூடாது என்று மாநில அரசியலமைப்பைத் திருத்த 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலக்கரியின் லாபம் வெளியூருக்குப் போனது. நுரையீரல் நோய் உள்ளூரில் தங்கியது.

பாஸ்டன் ஐரிஷ்காரருக்கு நிலம் கிடைக்காததே பிற்காலத்தில் சாதகமாகிவிட்டது. அவர் ஒதுங்கிய நகரங்கள்தான் அடுத்த நூற்றாண்டில் நாட்டிலேயே அதிகக் கூலி தரும் நகரங்களாக வளர்ந்தன. ஓட்டுரிமை இருந்தது, ஓட்டுக்கு ஈடாக வேலை வாங்கித் தந்த கட்சி இயந்திரம் இருந்தது, போலீஸிலும் தீயணைப்புத் துறையிலும் வேலை இருந்தது, திருச்சபைப் பள்ளிகள் இருந்தன. வேலைக்காரப் பெண்களின் மகள்கள் பள்ளி ஆசிரியைகள் ஆனார்கள். இந்தக் கதவுகளில் பல அதே நகரங்களில் கறுப்பின மக்களுக்கு மூடியிருந்தன. அங்கேயும் எல்லோரும் ஏறிவிடவில்லை. 1974இல், கறுப்பின, வெள்ளை மாணவர்கள் கலந்து படிக்க அவர்களைப் பேருந்தில் வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பச் சொன்ன நீதிமன்ற உத்தரவை எதிர்த்துக் கொந்தளித்த தென் பாஸ்டனில், அரசுக் குடியிருப்புகளில் ஏழை ஐரிஷ் குடும்பங்கள் நிறைய இருந்தன. மாநில சராசரியில் அவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

ஆக, ஐரிஷ் வரிக்கும் ஸ்காட்ச்-ஐரிஷ் வரிக்கும் நடுவில் தெரியும் இடைவெளியில் ஒரு பெரிய பங்கு பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸுக்கும் நிலக்கரி மலைகளின் மேற்கு வர்ஜீனியாவுக்கும் உள்ள இடைவெளி. அதை இரத்தத்தின் குணமாகவும் பண்பாட்டின் பெருமையாகவும் படிக்கிறார்கள்.

நான் வசிக்கும் வடகிழக்குப் பென்சில்வேனியாவில் இன்னும் நெருக்கமான ஒப்பீடு ஒன்று இருக்கிறது. ஸ்க்ரான்டன் சுற்று வட்டாரத்தின் ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வெல்ஷ்காரர்களும் ஐரிஷ்காரர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தார்கள். இரு தரப்பும் கெல்டிக் மரபினர்தான். ஆனால் வெல்ஷ்காரர் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் நிலக்கரியை வெட்டும் தேர்ந்த தொழிலாளி ஆனார், மேஸ்திரி ஆனார். அயர்லாந்தின் மேயோவிலிருந்தோ டோனிகாலிலிருந்தோ வந்த விவசாயி, அவருக்குக் கீழே கரியை அள்ளிப் போடும் கூலி ஆனார். சுரங்கத்துக்குள் ஒருவர் கூலியை இன்னொருவர் தீர்மானித்த இந்த ஏற்பாட்டில் பகை மூண்டது. 1869இல் ஏவன்டேல் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது வெளியேற ஒரே ஒரு வழிதான் இருந்தது. 110 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் வெல்ஷ்காரர்கள். திறமையும் பதவியும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அடுத்து 1877 முதல் 1879 வரை, மாலி மக்வயர்ஸ் என்ற ரகசியக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லி ஐரிஷ்காரர்கள் 20 பேரைத் தூக்கிலிட்டார்கள். தனியார் துப்பறியும் நிறுவனம் துப்புக் கொடுத்தது, ரயில்வே கம்பெனியின் தலைவரான ஃபிராங்க்ளின் கோவன் தானே வழக்காட வந்து நின்றார். அதில் தூக்கிலிடப்பட்ட ஜான் கேஹோவுக்கு மாநிலம் 1979இல்தான் மன்னிப்பு வழங்கியது.

அதே காலத்தில், 1878இல், ஐரிஷ் பெற்றோரின் மகனான டெரன்ஸ் பவுடர்லி ஸ்க்ரான்டன் நகர மேயர் ஆனார். ஒரு பக்கம் தூக்குமேடை, பக்கத்து மாவட்டத்தில் மேயர் நாற்காலி. எந்தத் தொழிலோடு வந்தார்கள், எந்த வேலையில் சேர்த்துக்கொண்டார்கள், ஓட்டு எங்கே திரண்டது என்ற விவரங்கள் இல்லாமல் இவர்களுடைய நிலையை எப்படி ஒப்பிடுவது?

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பின் 1980 படிவத்தில் ஆங்கிலேய வம்சாவளி ஓர் உதாரணமாக அச்சாகியிருந்தது. அப்போது 4.96 கோடிப் பேர் அதைச் சொன்னார்கள். 1990இல் அந்த உதாரணத்தை எடுத்துவிட்டீர்கள், எண்ணிக்கை 3.27 கோடியாகச் சரிந்தது. அந்த ஆண்டு உதாரணங்களில் இருந்த ஐரிஷ் 3.87 கோடி. 2000 படிவத்தில் ஐரிஷும் உதாரணத்திலிருந்து போனது, 3.05 கோடிக்கு இறங்கியது. 2020இல் ஐரிஷும் ஆங்கிலேயரும் மறுபடி உதாரணங்களில் வந்தன, இரண்டும் மறுபடி ஏறின. இதற்கிடையில் 2000இல் 2 கோடிக்கும் மேற்பட்டோர் எந்த நாட்டையும் சொல்லாமல் அமெரிக்கன் என்று மட்டும் எழுதினார்கள். அவர்கள் மிக அடர்த்தியாக இருந்தது கென்டக்கியிலும் டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும். அதாவது, அல்ஸ்டர்காரர்கள் போய்ச் சேர்ந்த அதே மலைகளில். ஏழைகளில் ஒரு பகுதி இப்படி ஐரிஷ், ஸ்காட்ச்-ஐரிஷ் வரிகளை விட்டே வெளியேறிவிடுகிறது. மிச்சமிருப்பவர்களின் சராசரியை வைத்துத்தான் எல்லோரும் வாதாடுகிறோம்.

2024 மார்ச்சில் வெள்ளை மாளிகையின் மேலாண்மை, நிதிநிலை அலுவலகம் வெளியிட்ட புதிய விதிமுறையில், வெள்ளையர் பிரிவின் கீழ் ஆங்கிலேயர், ஜெர்மன், ஐரிஷ், இத்தாலியர், போலிஷ், ஸ்காட்டிஷ் என்று ஆறு பெட்டிகள் காட்டப்பட்டிருக்கின்றன. அந்த வடிவம் நடைமுறைக்கு வந்தால், அல்ஸ்டர் மரபினர் ஐரிஷ் பெட்டியிலோ ஸ்காட்டிஷ் பெட்டியிலோ டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்காட்ச்-ஐரிஷ் வரி இன்னும் மெலியும், ஐரிஷ் வரி இன்னும் குழம்பும்.

நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. பெட்டிகளுக்குக் கீழே எழுதுவதற்கு விடும் இடத்தில் ஸ்காட்ச்-ஐரிஷ், வெல்ஷ் இரண்டையும் உதாரணமாக அச்சிடுங்கள். கெல்டிக் வரியை நீக்க வேண்டாம், அப்படி எழுதியவரின் பதிலுக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் பிழை வரம்பை எண்ணுக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும் அளவில் போடுங்கள், வருமான ஒப்பீட்டுக்கு அது உதவாது என்ற குறிப்போடு. ஐரிஷ் வரியின் வருமானத்தையும் படிப்பையும் தேசிய அளவில் வெளியிடும் அதே பக்கத்தில், வடகிழக்கு மாநிலங்களுக்கும் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா போன்ற அப்பலாச்சிய மலை மாவட்டங்களுக்கும் தனித்தனியாக, வயது வாரியாகக் கொடுங்கள். உங்கள் மூலத் தரவிலிருந்து இதை எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், உண்மைதான். ஆனால் தரவரிசைகள் அந்த ஆய்வாளர்களிடமிருந்து வருவதில்லை, முதல் பக்க அட்டவணையிலிருந்துதான் வருகின்றன.

அப்புறம், அமெரிக்கன் என்று எழுதியவர்களைப் பதில் சொல்லாதவர்களைப் போல ஒதுக்கும் பழக்கம் ஆய்வுலகில் இருக்கிறது. அவர்களுக்கும் மற்ற வம்சாவளிகளுக்குக் கொடுப்பதைப் போன்ற முழு விவரப் பக்கம் ஒன்றை, மாவட்ட வாரியாக, ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுங்கள். அடுத்த படிவத்தின் சோதனைக் கட்டத்திலேயே இதைச் சேர்த்துக்கொண்டால், 2030 எண்கள் வெளிவரும்போது ஐரிஷ் வரிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க அந்தப் பக்கமும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
வடகிழக்குப் பென்சில்வேனியாவில் வசிக்கும் ஒரு தமிழர்