பி.பி.ஏ. சரி, கூடவே என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் பி.காம்., பி.பி.ஏ. சேருகிற பிள்ளைகள் கூடவே எந்தத் துணைப்பாடத்தை எடுக்கலாம் என்று ஒரு வரி எழுதினால் என்ன? யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புக் கட்டமைப்பில் மைனருக்கென்று, அதாவது துணைப்பாடத்துக்கென்று, தனி இடமே இருக்கிறது: மூன்று வருடப் படிப்பின் 120 கிரெடிட்டில் 24, நான்கு வருடம் என்றால் 160-ல் 32. படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அதைப் போய் 'எதில் ஈசியாக மார்க் போடுவார்கள்' என்று சீனியரிடம் கேட்டு முடிவு செய்கிறார்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டரை ஆரம்பத்திலிருந்து சரக்கு போகும் வரை கவனிக்கிற வேலைக்கு ஆள் எடுக்கும்போது நானும் உட்காருவேன். என்னைக் கேட்டால், பி.பி.ஏ. படிக்கிறவர் மார்க்கெட்டிங்கையோ ஹெச்.ஆரையோ மைனராக எடுப்பது வீண். அது மெயின் பாடத்திலேயே வந்துவிடுகிறது. கொஞ்சம் வெளியே போய், மெயின் பாடம் சொல்லித்தராத ஒன்றை எடுக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் சரக்கு சோதனை என்றால் ஏ.க்யூ.எல். 2.5 என்ற பேச்சு தினமும் அடிபடும், எவ்வளவு குறை வரை சரக்கை ஏற்கலாம் என்பதற்கான வரம்பு அது. 3,000 பீஸ் உள்ள லாட் என்றால் வழக்கமாக 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள், ஏழு பீஸ் வரை குறை இருந்தால் பாஸ், எட்டு வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். இன்டர்வியூவில் இதைச் சொல்லி, ஏழில் பாஸ் ஆகிவிட்டால் மீதி சரக்கு நன்றாக இருக்கிறது என்று நம்பலாமா என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் வாடிக்கையாளர் திருப்தி, பிராண்ட் மதிப்பு என்று ஒப்பிப்பார்கள். புள்ளியியலைத் துணைப்பாடமாகப் படித்திருந்த ஒரு பெண் மட்டும், "அந்த 125-ஐ எந்தப் பெட்டிகளில் இருந்து சார் எடுத்தார்கள்? கைக்கு எட்டுகிற மேல் பெட்டிகளில் மட்டும் எடுத்திருந்தால் இந்தக் கணக்கே செல்லாதே" என்றாள். அப்புறம் நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

அதற்காக எல்லாரும் புள்ளியியல் எடுங்கள் என்று சொல்லவில்லை. கணக்கு என்றாலே அலர்ஜி என்றால் உளவியல் இருக்கிறது. 2002-ல் பொருளாதார நோபல் வாங்கிய டேனியல் கானமன் ஓர் உளவியலாளர்தான், வாங்குகிறவர் மனசு தெரியாமல் வியாபாரம் ஏது? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சுற்றுச்சூழல் அறிவியலைக்கூட யோசிக்கலாம், சிரிக்காதீர்கள். 2011 ஜனவரியில் சாயக்கழிவு விவகாரத்தில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள், இன்றைக்கு வெளிநாட்டு பையர் கேட்கிற கேள்விகளில் பாதி தண்ணீரையும் ரசாயனத்தையும் பற்றித்தான். கம்ப்யூட்டர் என்றால் டேலி, எக்செல்லோடு நிற்கிற பேப்பர் வேண்டாம், அதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கையில் தானாக வந்துவிடும். டேட்டாபேஸ், புரோகிராமிங் உண்டா என்று சிலபஸைப் பார்த்துவிட்டு எடுங்கள். சி.ஏ. எழுதப் போகிறவர்கள் மட்டும் கனமான மைனரைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம், அவர்களுக்கு இருக்கிற பாரமே போதும்.

சரி, இதெல்லாம் தேர்வு செய்ய விட்டால்தானே? நம் கல்லூரிகளில் பெரும்பாலும் துணைப்பாடம் இதுதான் என்று துறையே தீர்மானித்து வைத்திருக்கிறது. மாணவர் கைக்கு வருவது சின்னதாக ஒரு விருப்பப்பாடம், அதிலும் இடம் காலியாக இருக்கிற வகுப்பில் தள்ளிவிடுவார்கள். ஒரே கட்டடத்தில் மேல் மாடியில் புள்ளியியல் துறை, கீழே வணிகவியல் துறை, இரண்டுக்கும் டைம்டேபிள் ஒத்துவராது.

கல்லூரி தராவிட்டால் வெளியே வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் பி.காம். மாணவர்களும் சேரலாம், ஃபவுண்டேஷன் நிலையில் மட்டும் படித்துவிட்டுச் சான்றிதழோடு வெளியே வரவும் முடியும். பிளஸ் டூவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்தவர்கள் பயப்படாமல் முயற்சி செய்யலாம்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரே வேண்டுகோள். வாரத்தில் நான்கைந்து மணி நேரத்தை எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒதுக்கி, அந்த நேரத்தில் யாரும் எந்தத் துறையிலும் போய் உட்காரலாம் என்று ஆக்குங்கள். இதற்குப் புது ஆளும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். நீங்களும் அடுத்த மாணவர் சேர்க்கை சமயத்தில் இதைக் கல்லூரி முதல்வர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்