ப்ளூஸ் பக்கத்தில் ரேடியோவைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம், இரண்டு தடவை படித்தேன். கிதார், இசைத்தட்டு கம்பெனிகள், கலைஞர்கள் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது எல்லாம் இருந்தது. ஆனால் ரேடியோ பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். மூன்று வருடமாக வீட்டில் வரைந்துகொண்டிருப்பது அந்த ரேடியோ கதையைத்தான் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஹெலினா என்று மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர் ஒன்று. 1941இல் அங்கே கே.எஃப்.எஃப்.ஏ. வானொலி புதிது. ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) வாசிக்கும் சன்னி பாய் வில்லியம்சனும் கிதார் வாசிக்கும் ராபர்ட் லாக்வுட் ஜூனியரும் அங்கே வாய்ப்புக் கேட்டுப் போனார்கள், விளம்பரதாரர் கிடைத்தால் சரி என்றார்கள் நிலையத்தார், உள்ளூர் மளிகை மொத்த வியாபாரி ஒருவர் தன்னுடைய 'கிங் பிஸ்கட்' மாவுக்காக ஒப்புக்கொண்டார் (அங்கே பிஸ்கட் என்றால் மெத்தென்ற சின்ன ரொட்டி). நவம்பரில் நிகழ்ச்சி தொடங்கியது. வார நாட்களில் பகல் 12.15க்கு. பருத்திக்காட்டில் வேலை செய்தவர்கள் சாப்பாட்டுக்குக் கரையேறுகிற நேரம் அது. இரவு எந்த ஊரில் கச்சேரி என்பதையும் சன்னி பாயும் லாக்வுட்டும் அதிலேயே சொல்லிக்கொண்டார்கள். பின்னால் உலகமே கொண்டாடிய ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் அப்போது மிசிசிப்பியில் காட்டு வேலை செய்துகொண்டு இதைக் கேட்டவர்.

மாவு விற்றது. அதே வியாபாரி 'சன்னி பாய்' என்ற பெயரிலேயே மக்காச்சோள மாவும் போட்டார். அந்தப் பையின் படத்தைப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. ஒரு பெரிய சோளக் கதிர், அதன்மேல் ஹார்மோனிகாவோடு உட்கார்ந்திருக்கிறார் சன்னி பாய். சாதாரண விளம்பரக் கோடுதான், உடற்கூறு, நிழல் என்று நுணுக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் காலத்து உணவுப் பொட்டலங்களில் கறுப்பினத்தவர் முகம் வந்தால் பெரும்பாலும் சமையற்காரி, வேலைக்காரர் வேடம்தான். இங்கே ஒரு கலைஞன் தன் வாத்தியத்தோடு, தன் பெயரோடு இருக்கிறான், அதுவும் இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தென்மாநிலத்தில், ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும்.

அப்புறம் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரம். 1947இல் தொடங்கிய டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலிக்கு உரிமையாளர்கள் வெள்ளையர்கள், வியாபாரம் சுமார்தான். 1948 அக்டோபரில் நாட் டி. வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆசிரியரை மைக் முன்னால் உட்காரவைத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவர் அவர். முதல் நாள் பேச்சு வராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம், கடைசிவரை அந்தச் சிரிப்பே அவருக்கு அடையாளம் ஆனது. ரேடியோவுக்கு வந்தபிறகும் பாடம் நடத்துவதை விடவில்லை. நானும் வாத்தியார் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பாசம். சீக்கிரமே அந்த நிலையம் முழுக்கக் கறுப்பின மக்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு மாறியது, 1954இல் 50,000 வாட் சக்தி பெற்றது. பி.பி. கிங் அறிவிப்பாளராக இருந்ததும் இங்கேதான். அந்த 'பி.பி.'யே 'ப்ளூஸ் பாய்' என்று ரேடியோவில் வைத்த பெயரின் சுருக்கம். உங்கள் கட்டுரையில் அவர் படம் பெரிதாக இருக்கிறது, பெயர் வந்த கதை இல்லை!

ரேடியோவில் வருகிற பாட்டை எப்படி வரைவது என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. வழி காட்டியவர் ஆரன் டக்ளஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின ஓவியர், அவரும் ஓவிய ஆசிரியர்தான். நாஷ்வில் ஊரில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையை உருவாக்கி 1966 வரை கற்பித்தவர். 1934இல் நியூயார்க் ஹார்லெம் நூலகத்துக்காக அவர் வரைந்த பெரிய ஓவியங்களில் ஒன்றில் சாக்ஸபோனை உயர்த்திப் பிடித்த ஒருவர் நிற்பார், அவரைச் சுற்றி வெளிர் வட்டங்கள் குளத்து அலை மாதிரி விரிந்துகொண்டே போகும். அவர் ரேடியோவை நினைத்து வரைந்தார் என்று சொல்லவில்லை. எனக்கு அது ரேடியோவாகத்தான் தெரிந்தது. என் ஓவியத்தில் பாடகரே இல்லை. மரவீட்டு ஜன்னலில் ஒரு ரேடியோ பெட்டி, அதிலிருந்து கிளம்புகிற வட்டங்கள் பருத்திக்காட்டின் வரிசைகளைத் தாண்டிப் போகின்றன, வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு இரண்டு பேர்.

ஹெலினாவின் அந்த மதிய நிகழ்ச்சியை 1951 முதல் 2018இல் இறக்கும்வரை சன்னி பெய்ன் என்ற ஒரே அறிவிப்பாளர் நடத்தினார். இதற்கே ஒரு பக்கம் தரலாம். அடுத்த இணைப்பில் இந்த ரேடியோ கதையையும் போடுங்கள். அந்த மாவுப் பை படத்தைக் கண்டிப்பாகப் போடுங்கள், முடிந்தால் வண்ணத்தில். வகுப்புச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்