படிக்காத தகடும் பழி சுமக்கும் டிரைவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் கணினி கேள்வி பதில் பகுதியில், தன் கணினியில் உள்ள டிவிடி டிரைவ் பழைய தகடுகளைப் படிக்க மறுக்கிறது என்று அம்பத்தூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 'டிரைவின் ஆயுள் முடிந்துவிட்டது, யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்' என்று இரண்டே வரியில் அவருக்கு விடை தரப்பட்டிருந்தது. அந்த விடை தவறு என்று நான் சொல்ல வரவில்லை; சில வேளைகளில் அதுவே சரியாகவும் இருக்கும். ஆனால் அவர் போட்டுப் பார்த்தது எந்த வகைத் தகடு, டிரைவிலிருந்து என்ன சத்தம் வந்தது, கணினியில் டிரைவின் பெயராவது தெரிகிறதா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. திருவல்லிக்கேணியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) தொழில் செய்துவரும் நான், இதே தீர்ப்பை நம்பிப் பணத்தையும் இரண்டு வாரங்களையும் இழந்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2005இல் நான் பக்கம் வடிவமைத்துக் கொடுத்த நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்ய விரும்பி அதன் ஆசிரியர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். 312 பக்கங்கள், ஏராளமான அடிக்குறிப்புகள், மூன்று முறை மெய்ப்புப் பார்த்த உழைப்பு, எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக இரண்டு சிடிக்களில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. முதல் சிடியைப் போட்டதும் டிரைவ் வேகமெடுத்துச் சுற்றியது, சற்றே தயங்கியது, விளக்கு மூன்று நான்கு முறை சிமிட்டியது, பிறகு அடங்கிவிட்டது. 'டிரைவில் தகட்டைப் போடவும்' என்று திரையில் செய்தி வந்தது. தகட்டை உள்ளே வைத்துக்கொண்டே தகட்டைக் கேட்கும் டிரைவை, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு கடையில், திறந்துகூடப் பார்க்காமல், "ஹெட் போயிடுச்சு சார், இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல" என்றார்கள். ஹெட் என்பது லேசரால் தகட்டைப் படிக்கும் பகுதி. அவர்களே கொடுத்த புதிய யுஎஸ்பி டிரைவை வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் அதே தகட்டைப் போட்டு, அதே போலச் சுற்றி, அதே செய்தியைக் காட்டிற்று.

ஒரு புதிய டிரைவும் பழைய டிரைவும் ஒரே தகட்டில் ஒரே மாதிரி திணறினால் குற்றம் எங்கே இருக்கிறது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். வீட்டில் கிடந்த பாட்டு சிடி ஒன்றை, அதாவது கடையில் உறை பிரிக்காமல் வாங்கிய அசல் சிடியை, அந்தப் 'போன' டிரைவில் போட்டுப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் பாடியது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அம்பத்தூர் வாசகரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். தொழிற்சாலையில் அச்சுக் குத்தி வரும் அசல் தகட்டில் எழுத்து, அதாவது பதிந்த தகவல், நுண்ணிய பள்ளங்களாக நிலைத்திருக்கிறது, அதன்மேல் அலுமினியப் பூச்சு இருக்கிறது, லேசர் ஒளி நன்றாகத் திரும்பி வருகிறது. நாம் கணினியில் எழுதிக்கொள்ளும் சிடியிலோ எழுத்து என்பது ஒரு சாயப் படலத்தில் லேசர் சுட்ட தடம் மட்டுமே. அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையில் திரும்பும் ஒளி இன்னும் மிகக் குறைவு. ஆகவே அசல் தகடு ஓடி, எழுதிய தகடு ஓடவில்லை என்றால், ஒன்று சாயம் வெளுத்திருக்க வேண்டும், அல்லது லென்சில் தூசி படிந்தோ லேசர் தளர்ந்தோ பார்வை மங்கியிருக்க வேண்டும். டிரைவ் அடியோடு செத்துவிடவில்லை.

இன்னொரு குழப்பம், சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை என்பது. சிலருக்கு இது நேர்மாறாகவும் இருக்கும். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரும், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும் தேவை. இரண்டும் ஒரே ஹெட்டில் அடங்கியிருந்தாலும் தனித்தனி விளக்குகள்தாம். ஒன்று அணைந்தாலும் மற்றொன்று எரியும். அப்படி ஒரு வகைத் தகடுகள் முழுவதும், அசல் உட்பட, ஓடாமல் போனால் மட்டும் ரிச்சி தெருக் கடைக்காரர் சொன்ன தீர்ப்பை நானும் ஒப்புக்கொள்வேன். புளூ-ரே தகட்டைச் சாதாரண டிவிடி டிரைவில் போட்டுவிட்டுப் புலம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதற்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும், அது அந்த டிரைவில் கிடையவே கிடையாது.

என் தகடுகளுக்கு வருகிறேன். அவற்றைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டாவது சிடியின் வெளி விளிம்பை ஒட்டி, ஊசியால் குத்தியது போல ஏழெட்டு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன; அந்த இடங்களில் பிரதிபலிக்கும் பூச்சு உதிர்ந்துவிட்டது என்று பொருள். அக்காலத்தில் அழகாக இருக்கட்டும் என்று நானே அச்சடித்து ஒட்டிய காகித லேபிள், நம் சென்னைப் புழுக்கத்தில் ஓரம் சுருண்டு எழும்பி, பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. முதல் சிடியில் புள்ளிகள் இல்லை. ஆனால் லேபிளின் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டிருந்ததால் எடை ஒருபுறம் சாய்ந்து, வேகத்தில் தகடு தள்ளாடியிருக்கிறது. 52 மடங்கு வேக டிரைவில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளை நெருங்கிச் சுழலும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு துண்டுக் காகிதம் என்ன செய்யும் என்பது விளங்கும்.

பெரும்பாலோர் பளபளப்பான அடிப்பக்கத்தையே கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்கள். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிடியில் எழுத்துப் படலம் இருப்பது மேலே, லேபிளுக்குச் சற்றே கீழே. அடிப்பக்கத்துக் கீறல் பிளாஸ்டிக்கில்தான் விழுகிறது, அதைத் தேய்த்துச் சரிசெய்ய வழியுண்டு. மேற்பக்கத்தில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினாலோ ஒட்டிய லேபிளைப் பிய்த்தாலோ போன எழுத்து போனதுதான். டிவிடி இந்த வகையில் பாதுகாப்பானது, ஏனெனில் அதில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவே படலம் வைக்கப்பட்டிருக்கிறது.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. வட்டமாகத் தேய்க்காமல், மிருதுவான பருத்தித் துணியால், பழைய வேட்டித் துண்டு போதும், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தகட்டில் எழுத்து சுருள் பாதையாகச் செல்கிறது. பாதைக்குக் குறுக்கே விழும் மெல்லிய கீறலில் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழியும், அதைப் பிழைதிருத்தும் கணக்கு நிரப்பிக்கொள்ளும். சிடியில் பாதையோடு சேர்ந்து ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை விட்டுப்போனால்கூட அந்தக் கணக்கு மீட்டுவிடும். அதற்கு மேல் பாதையோடு ஓடும் கீறலானால் அதுவும் கைவிட்டுவிடும். பற்பசை வைத்தியம் பற்றிக் கேட்பார்கள். ஆழமில்லாத கீறலை அது சற்று மெருகேற்றும் என்பது உண்மைதான், ஆனால் வேறு எந்த வழியும் பலிக்காதபோது, அடிப்பக்கத்தில் மட்டும்.

முதல் சிடியின் லேபிளைப் பிய்க்காமல், எழும்பிய ஓரத்தைக் கத்தரித்து அமுக்கி, நண்பர் ஒருவர் பரணில் போட்டு வைத்திருந்த மெதுவான பழைய டிரைவில் வைத்தபோது கோப்புகள் முழுவதும் வந்துவிட்டன. இரண்டாவதற்கு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் பயன்படுத்தினேன். விண்டோஸ் மோசமான இடத்தில் மோதி மோதி நின்றுவிடும். இந்நிரல் அந்த இடத்தைத் தாண்டி, படிக்கக்கூடியதை முதலில் எடுத்துவிட்டு, பிறகே விட்ட இடங்களுக்குத் திரும்புகிறது. சிடியில் எழுத்து உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்வதால், விளிம்போரப் பாதிப்பு கடைசிக் கோப்புகளை மட்டுமே தின்றிருந்தது. பின்னிணைப்பையும் சொல்லடைவையும் அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தேன். மற்றவை பிழைத்தன.

குற்றம் உண்மையிலேயே டிரைவில்தான் என்றாலும், முதலில் சந்தேகிக்க வேண்டியது லென்ஸ். ஊதுவத்திப் புகை, தாளிக்கும் எண்ணெய்ப் புகை, கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று, எல்லாம் அந்த மிளகளவு லென்சில்தான் படிகின்றன. மடிக்கணினியானால் தட்டை வெளியே இழுத்தாலே லென்ஸ் தெரியும்; மேசைக் கணினியில் மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, டிரைவைக் கழற்றித் திறக்க வேண்டும். தட்டு வெளிவராமல் முரண்டு பிடித்தால் முகப்பில் உள்ள சிறு துளையில் ஜெம் கிளிப்பை நிமிர்த்தி விட்டு அழுத்தலாம். முதலில் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதிப் பாருங்கள்; போதாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒருமுறை தொட்டு எடுங்கள். அந்த லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தித் தேய்த்தால் அதோடு முடிந்தது. ஹெட்டில் உள்ள சிறு திருகைத் திருப்பி லேசரின் வலிமையைக் கூட்டித் தருவதாகச் சில கைதேர்ந்தவர்கள் சொல்வார்கள். சில நாள் ஓடும், பிறகு லேசரே எரிந்துபோகும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்து வந்த மடிக்கணினியில் உடனே தகட்டைப் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சோடா பாட்டிலில் வியர்ப்பது போல லென்சிலும் வியர்க்கும். அரைமணி நேரம் பொறுத்தால் தானே சரியாகும்.

யுஎஸ்பி டிரைவ் வாங்கியவர்களுக்கு வேறொரு தொல்லை. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரும். சுழலத் தொடங்கும் நொடியில் டிரைவுக்கு அது போதாமல் போகலாம். 'டிக் டிக்' என்று தட்டிவிட்டு நின்றால், முன்பக்கத் துளையை விட்டு சிபியுவின் பின்புறத்தில் மாட்டுங்கள், அல்லது இரட்டைத் தலைக் கேபிளைப் பயன்படுத்துங்கள். உள்ளே பொருத்திய டிரைவாக இருந்தால் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டினாலே பாதி வழக்கு தீரும்.

கேபிள் சரியாக இருந்தும் கணினியில் டிரைவின் பெயரே காணவில்லை என்றால், விண்டோஸின் கோளாறாக இருக்கலாம். தகடு எழுதும் மென்பொருளை நீக்கும்போது, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரு குறிப்புகள் எஞ்சி நின்று வழிமறிக்கும். சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் 19 அல்லது 39 என்ற பிழை எண்ணைப் பார்த்தால் அதையே சந்தேகிக்கலாம். ரெஜிஸ்ட்ரியைத் தொடுவது தெரிந்தவர் வேலை. தெரியாதவர் பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி அதில் தகடு படிக்கிறதா என்று பார்த்தால், டிரைவின் மேல் குற்றமா இல்லையா என்பது வெட்ட வெளிச்சமாகிவிடும். திரைப்பட டிவிடி மட்டும் ஓடாதவர்கள், விண்டோஸ் 8 முதல் அந்த வசதி உடன் வருவதில்லை என்பதை அறிந்து விஎல்சி போன்ற படம் ஓட்டும் நிரல் ஒன்றை நிறுவிக்கொண்டால் போதும். படத் தகடுகள் உலகின் எந்த மண்டலத்தில் விற்கப்படுகின்றனவோ அந்த மண்டலத்துக்கு அமைத்த டிரைவில்தான் ஓடும்; அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருபவை 1ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை, இந்தியாவுக்கு உரியது 5ஆம் மண்டலம். டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், எனவே விளையாட்டாக மாற்ற வேண்டாம்.

மினி டிவிடியில் பதியும் பழைய கையடக்கக் கேமரா வைத்திருந்தவர்களையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். பதிவு முடிந்ததும் அந்தக் கேமராவிலேயே 'ஃபைனலைஸ்' (பதிவை நிறைவுசெய்து மூடுதல்) செய்யப்படாத 8 சென்டிமீட்டர் தகடுகள் பல கணினிகளில் வெற்றுத் தகடு போலவே தெரியும். காதுகுத்தும் கிரகப்பிரவேசமும் பதிந்த தகடுகளை, 'இதில் ஒன்றுமில்லை' என்று குப்பையில் போட்டவர்களை நான் அறிவேன். கேமராவைத் தேடி எடுத்து முடிக்க வேண்டிய வேலையை முடித்தால் படம் அப்படியே இருக்கும்.

ஆகவே தங்கள் பகுதியில் இனி இத்தகைய கேள்வி வரும்போது, விடை எழுதுபவர் 'தகட்டில் இருப்பது என்ன, அதற்கு வேறு பிரதி உண்டா' என்று ஒரு வரி கேட்டு, பிறகு டிரைவைப் பற்றிச் சொல்லுமாறு வேண்டுகிறேன். அம்பத்தூர் வாசகர், கடையில் வாங்கிய பாட்டு சிடி ஒன்றைப் போட்டுப் பார்த்து, அது பாடுகிறதா, பாடாவிட்டால் எந்த மாதிரிச் சத்தம் வருகிறது என்பதை எழுதினால், அதற்குரிய விடையைத் தங்கள் நிபுணர் அடுத்த வாரமே தந்துவிடலாம். அதுவரை அவர் தம் பழைய தகடுகளை எடைக்குப் போடாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
டிடிபி தொழில் செய்யும் வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.